அந்தக் கோடுகளை யார் இழுத்தார்கள்?

கேள்வி: விக்டோரியா காலத்துக் கேலிச்சித்திரங்களில் முகப்பூச்சுப் பூசிய கிழவிகளும் கதவில் சிக்கும் பாவாடைகளும்தான் நிறைய. அந்தக் காலப் பெண்கள் அவ்வளவு பகட்டுக்காரிகளா?

பதில்: இல்லை. அந்தப் படங்களைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதே தவறு. 1841-இல் லண்டனில் தொடங்கிய 'பஞ்ச்' வார இதழைப் பாருங்கள். ஜான் லீச், 1864-இல் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்த ஜார்ஜ் டு மோரியே என்று சமூகக் கேலியை வரைந்த பெரிய கைகள் ஆண்களுடையவை. ஆசிரியர் குழுவும் ஆண்கள்தான்.

வளையப் பாவாடையை எடுத்துக்கொள்வோம். 1856-இல் எஃகு வளையக் கூடு வந்ததும், அடுக்கடுக்காக அணிந்த கனத்த உள்பாவாடைகள் குறைந்தன. கால்களுக்கு நடக்க இடம் கிடைத்தது. லீச் வரைந்ததோ வாசலை அடைக்கும் பாவாடையை. உண்மையான ஆபத்து நெருப்பு. கணப்பருகே விளிம்பு பட்டால், கூட்டுக்குள் இருக்கும் காற்றே தீயை வளர்க்கும்.

ஆண்களின் பகட்டைக் கேலி செய்யவில்லையா? செய்தார்கள். 1850-களில் தாடி மீசை மோகம் பரவியபோது, தாடி வைத்த ரயில்வே ஊழியர்களைக் கொள்ளையர் என்று எண்ணி நடுங்கும் ஒரு மூதாட்டியை லீச் வரைந்தார். தாடி ஆணுடையது, சிரிப்புக்கு ஆளானவள் கிழவி!

திருமணத்தை நம்பியிருந்த பலருக்கு இளமையாகத் தெரிவது பிழைப்பும்கூட. மணமான பெண்ணின் சம்பாத்தியம் 1870 வரை கணவனுக்கே போனது. சொத்துரிமைச் சட்டம் முழுமையானது 1882-இல். மணமாகாத நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குக் கௌரவமான வேலை என்றால் பெரும்பாலும் வீட்டு ஆசிரியை வேலைதான். 'என்றும் அழகு' என்று விளம்பரம் செய்து லண்டன் பாண்ட் தெருவில் அழகுப்பொருள் கடை நடத்திய மேடம் ரேச்சலுக்கு 1868-இல் மோசடிக்காக ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. அவரிடம் பணத்தைப் பறிகொடுத்த விதவையோ ஊராரின் கேலிக்கு ஆளானார். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இப்படங்களை எடுத்துப் போடுவோர் அடியிலுள்ள உரையாடலை வெட்டிவிடுகிறார்கள். பெரிய பிழை அது. பேசுவது எசமானியா வேலைக்காரியா என்பது அங்கேதான் தெரியும். தேதியையும் பாருங்கள். முகத்துச் சுருக்கங்களைப் பற்றிப் பேசுமுன் இன்னொன்றையும் கவனியுங்கள்: அச்சுக்காக ஓவியர் பாக்ஸ் என்ற மரத்தின் கட்டையில் வரைவார், ஜோசப் ஸ்வெயின் போன்ற செதுக்குநரின் பட்டறை, வரைந்த கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்தெடுக்கும். பென்சிலின் மெல்லிய நிழல் அங்கே கறுத்த கோடாகிவிடலாம். ஒரு கிழவியின் முகம் கடுகடுப்பாகத் தெரிவதில் உளிக்கும் பங்குண்டு.