அசைபோட்டு வாசிப்பது: கேட்டதும் சொன்னதும்

வேதாகமத்தை மெதுவாக, ஜெபத்தோடு வாசிக்கும் பழக்கத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கொட்டிவிட்டீர்கள். பதினெட்டு வருடமாக இதைப் பழகுகிறேன், சின்னச் சின்னக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன், இறையியல் பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒரு வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி வாசித்து வருகிறேன். நீங்கள் ஒரு நாளைக்குப் பத்து வசனம் போதும் என்கிறீர்கள். அப்படியானால் நான் செய்வது வீணா?

வீண் என்று யார் சொன்னது? முழுக் கதையும் தெரியாமல் பத்து வசனத்தோடு உட்கார்ந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மொத்தம் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று நான்கு வாசித்தால் வருடத்தில் முடிந்துவிடும், நல்ல காரியம்தான். ஆனால் அட்டவணைக்கு ஒரு குணம் உண்டு, இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் பத்துப் பன்னிரண்டு அதிகாரத்தை மூச்சுவிடாமல் விழுங்க வைக்கும், கட்டத்தில் டிக் அடித்த திருப்தியைத் தவிர மறுநாள் எதுவும் மனதில் நிற்காது.

முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் ‘தியானமாயிருக்கிற’ மனுஷன் என்று வருகிறதே, அந்த இடத்தில் எபிரெயச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஏசாயா 31:4இல் சிங்கம் இரையை வைத்துக்கொண்டு உறுமுகிறதே, அதற்கும் இதே சொல். 38:14இல் புறா முனகுவதற்கும் இதே சொல். தேவன் யோசுவாவுக்குச் சொல்லும்போதுகூட இந்தப் புஸ்தகம் ‘உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக’ என்றுதான் வருகிறது, கண்ணைவிட்டு என்று வரவில்லை. லத்தீன் பேசிய துறவிகள் இதை ‘ருமினாசியோ’ என்றார்கள், மாடு அசைபோடுவது. நமக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது: அவர் சொன்னதையே நாள் முழுக்க அசைபோட்டுக்கொண்டிருந்தேன் என்போம் இல்லையா, அதேதான். மாடு மேயும்போது வேகமாகத்தான் மேயும், அப்புறம் படுத்துக்கொண்டுதான் மெல்லும். நீங்கள் மேய்வதை நிறுத்த வேண்டாம், மேய்ந்ததில் ஒரு வாயை எடுத்து மெல்லுங்கள்.

கேள்வி: ஐந்து படி, ஏழு படி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உண்மையில் எத்தனை படி?

பழைய கணக்கு நான்கு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியத் துறவி (தனிமையிலும் மௌனத்திலும் வாழும் சபை அது) எழுதிவைத்தது: வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியாகத் தரித்திருப்பது. அவரே சாப்பாட்டை வைத்துத்தான் விளக்குகிறார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் சுவையை எடுக்கிறது, கடைசியில் வருவது அந்த இனிமையே. படிகளை எண்ணிக்கொண்டு ஏறாதீர்கள். சில நாள் முதல் படியிலேயே நேரம் முடிந்துவிடும், அதுவும் வாசிப்புதான்.

கேள்வி: விளக்கம் எல்லாம் சரி சிஸ்டர், நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு பகுதியை வைத்துக் காட்ட முடியுமா?

போன வாரம் மாற்கு 10:46-52. குருடனான பர்திமேயு. நூறு தடவை கேட்ட கதை, அதனாலேயே கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். வாய்விட்டு ஒரு முறை வாசித்தேன், இரண்டு நிமிடம் சும்மா இருந்தேன், மறுபடி வாசித்தேன். இரண்டாவது முறை ‘இயேசு நின்று’ என்ற இரண்டு சொல்லில் நின்றுவிட்டேன். அவர் எருசலேமுக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அங்கே என்ன காத்திருக்கிறது என்று அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னால் அவரே சொல்லியிருக்கிறார், கூட்டம் வேறு சுற்றி நடக்கிறது. கூட இருந்தவர்கள் அந்த மனிதனைச் சும்மா இரு என்று அதட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவர் நிற்கிறார். முதல் நாள் அவ்வளவுதான், அந்த இரண்டு சொல்லோடு எழுந்து வேலைக்குப் போய்விட்டேன். அன்று மத்தியானம் ஒருவர் ஏதோ கேட்க வந்தபோது நடந்துகொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன், சட்டென்று கால் நின்றுவிட்டது.

மறுநாள் அதே பகுதி. இந்த முறை, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்பதில் ஏதோ இடறியது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று மேலே போனால், 36ஆம் வசனத்தில் தன் சீடர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் இதையேதான் கேட்டிருக்கிறார். பதினைந்து வசனம் தள்ளி, அதே கேள்வி. அவர்கள் வலதுபக்கமும் இடதுபக்கமும் நாற்காலி கேட்டார்கள், இவன் பார்வை கேட்டான். அப்புறம் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன், முதலில் வாயில் வந்தது நாற்காலி ரகம்தான், வெட்கமாகப் போயிற்று, அதையே ஜெபமாகச் சொன்னேன். மூன்றாம் நாள் ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்து எழுந்தேன்.

கேள்வி: உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே மனது எங்கெங்கோ போய்விடுகிறது. எனக்கு இது ஒத்துவராதோ?

எல்லோருக்கும் போகும். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், 48ஆம் அதிகாரத்தில், வாசிப்பு நேரத்தில் இரண்டொரு மூத்தவர்கள் சுற்றிவந்து யார் வாசிக்காமல் வம்பு பேசிக்கொண்டு இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. மடத்துக்குள்ளேயே இந்தக் கதி! பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள், கரண்ட் பில், யாருக்கோ போன் என்று எது வந்தாலும் ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்புங்கள். அப்புறம், வாய்விட்டு வாசியுங்கள். அந்தக் காலத்தில் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம், மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் வாய் அசையாமல், கண் மட்டும் ஓட வாசித்ததைப் பார்த்து, பிறகு தானும் ஆயரான அகுஸ்தீன் ஏன் இப்படி என்று காரணம் தேடி எழுதிவைத்திருக்கிறார். நாக்கு வேலை செய்யும்போது மனது அவ்வளவு சுலபமாக ஓடாது.

கேள்வி: தூக்கம் வந்துவிடுகிறது.

தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், தூக்கம் போதாத உடம்பை ஜெபத்தில் உட்காரவைத்து அதட்டாதீர்கள். நன்றாகத் தூங்கியும் இப்படி ஆனால் நின்றுகொண்டு வாசியுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் இது கத்தோலிக்கப் பழக்கம், நமக்கு வேண்டாம் என்கிறார்கள். மனதைக் காலியாக்கும் தியானம் என்றும் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

இரண்டும் வேறு வேறு கேள்வி. மனதைக் காலியாக்குவது என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை, ஒரு வசனத்தால் மனதை நிரப்புகிற வேலை இது, கையில் புத்தகம் திறந்தே இருக்கிறது.

கத்தோலிக்கம் என்பதற்கு: துறவிகள் வளர்த்த பழக்கம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் இதைத்தான் வேறு பெயரில் செய்தார். 1535இல், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் நாவிதருக்கு அவர் ஒரு சிறு நூலே எழுதினார். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை இவற்றை ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கட்டளையையும் நான்கு இழையாகப் பிரித்து மாலையாகக் கட்டுவார்: இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல, எதை அறிக்கையிட, எதைக் கேட்க. கேட்டவர் நாவிதர் என்பதால் ஓர் உதாரணமும் வைக்கிறார், சவரம் செய்கிறவன் கத்தியில் கவனம் வைக்காமல் ஊர்க்கதை பேசினால் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான் என்று. நடுவில் ஆவியானவர் உள்ளே பேச ஆரம்பித்தால் எழுதிவைத்த முறையை விட்டுவிட்டுக் கேள் என்றும் சொல்கிறார். இதைச் சபையில் சொல்லிப் பாருங்கள், பெயர் பிடிக்காவிட்டால் ‘மெதுவான வாசிப்பு’ என்று கூப்பிடுங்கள். பெயருக்காகச் சண்டை வேண்டாம்.

கேள்வி: மனதில் பட்டதை எல்லாம் தேவன் பேசினார் என்று எடுத்துக்கொண்டால் தப்பு வராதா?

வரும். வந்ததைப் பார்த்திருக்கிறேன், எனக்கே வந்தது. வேலை மாறலாமா என்று குழம்பிய சமயத்தில் எரேமியா 29:11 கண்ணில் பட்டது, சமாதானத்துக்கேதுவான நினைவுகள், உடனே இது நமக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வசனம் முன்னால் போய் வாசித்திருந்தால் தெரிந்திருக்கும், பாபிலோனில் எழுபது வருஷம் ஆகும் என்று சொன்ன பிறகுதான் அந்த வாக்கு வருகிறது, சிறைப்பட்டுப் போன ஒரு ஜனக்கூட்டத்துக்கு எழுதின கடிதம் அது, என் ராஜினாமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலை மாறினேன், எட்டு மாதம் கஷ்டப்பட்டேன், வசனத்தின் மேல் கொஞ்ச நாள் கோபமாகக்கூட இருந்தது. பாவம் அந்த வசனம் என்ன செய்யும்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம்: மெல்லுவதற்கு முன்னால் அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிடுவேன், யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். மனதில் பட்டது என்னைப் புகழ்வதாக மட்டுமே இருந்தாலோ, நான் ஏற்கெனவே செய்ய நினைத்ததற்கு முத்திரை குத்துவதாக இருந்தாலோ ஒரு வாரம் தள்ளிப்போடுவேன். பெரிய முடிவு என்றால் விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரிடம் போய்ச் சொல்வேன், சொல்லும்போதே பாதி வெளுத்துவிடும்.

கேள்வி: மூன்று மாதமாக எதுவும் உணரவில்லை அக்கா. வறண்டுபோய்க் கிடக்கிறேன். விட்டுவிடலாமா?

இப்போது விடாதே தம்பி. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கென்றே விதி எழுதியிருக்கிறார், வறட்சியான காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. அதோடு ஒரு குறும்பான யோசனையும் உண்டு: ஒரு மணி நேரம் உட்காருவது என்று வைத்திருந்து, எப்போது எழலாம் என்று மனது துடித்தால், ஒரு மணியைச் சற்றுத் தாண்டியே இரு என்கிறார். நீ ஒரு மணி நேரம் உட்காரவேண்டாம். பதினைந்து நிமிடம் வைத்திருந்தால் பதினாறாக்கு.

சங்கீதம் 88ஐ எடுத்துக்கொள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது வெளிச்சத்துக்கு வந்துவிடும், இது வராது, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். அப்படி ஒரு ஜெபத்தையும் திருத்தாமல் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். என் அம்மா இறந்த வருடம் நான்கு மாதம் அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை, ஒரு நாளும் ஆறுதலாக இல்லை, ஆனால் நான் சொல்ல வேண்டியதை யாரோ முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றிலும் இதே வறட்சி என்றால் அது ஜெபப் பிரச்சினை மட்டும் இல்லை, டாக்டரைப் பார்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை.

ஒரே வரி போதும். பாலைவனத் துறவிகளிடம் கற்றதை எழுதிய காசியன், நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க ஒரே வசனத்தைக் கொடுக்கிறார், சங்கீதம் 70:1, சீக்கிரம் வந்து உதவும் என்ற மன்றாட்டு. தூங்கப் போகும்போதும் எழும்போதும் வேலை செய்யும்போதும் அதுதான். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற தாளத்துக்கு நன்றாகவே பொருந்தும், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். லூக்கா 2இல் மரியாளும் கைக்குழந்தையோடுதான் எல்லாவற்றையும் இருதயத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி: போனில் வாசிக்கலாமா, புத்தகம்தான் வேண்டுமா?

புத்தகம். போன்தான் இருக்கிறது என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். இன்னொன்று, வசன எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்கள் 1551இல் எத்தியேன் என்ற அச்சகர் போட்டவை, பவுல் போட்டதில்லை. கருத்து முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: உபவாசம், மௌனம் எல்லாம் இதோடு சேர்த்துச் செய்ய வேண்டுமா?

ஒன்றை முதலில் பழகுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தொடங்குகிறவர்கள் அடுத்த வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வம்ச அட்டவணை, சபிக்கிற சங்கீதம் இதையெல்லாமும் அசைபோட வேண்டுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்பது, தொண்டையில் இறங்காது, இறங்கவும் கூடாது. அதை மெல்லுவதற்கு முன்னால், ஊர் எரிந்து, சிறைப்பட்டுப் போனவர்களின் வாயிலிருந்து வந்தது என்பதோடு கொஞ்ச நேரம் இருங்கள். வம்ச அட்டவணையில் எனக்கு மத்தேயு 1 பிடிக்கும், ஆண்களின் பெயராகவே போய்க்கொண்டிருக்கும்போது தாமார், ராகாப், ரூத் என்று வரும், அடுத்தவளுக்குப் பெயர்கூடச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று வரும். அங்கே நிற்காமல் எப்படிப் போவது?

கேள்வி: சரி அக்கா, நாளைக் காலை எதைத் திறக்க?

லூக்கா 24:13 முதல் 35 வரை, எம்மாவு என்ற கிராமத்துக்கு நடந்துபோன இரண்டு பேர். ஒரு வாரத்துக்கு அது தாங்கும். முதல் நாளே முடிவு வரைக்கும் ஓடிவிடாதீர்கள், 17ஆம் வசனத்தில் இயேசு என்ன கேட்கிறார் என்று பார்த்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். அது முடிந்தால் மாற்கு முழுவதும், மெதுவாக. பதினாறு அதிகாரம்தான், எனக்கு ஒரு தடவை பதினான்கு மாதம் ஆனது.