பேக்கேஜ் மாற்றும் கருவியில் கொமென்ட்களை எப்படித் திருத்துவது?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிறேன். பழைய பைத்தன் பேக்கேஜை (நிரல் தொகுப்பை) நிறுவ உதவும் செட்அப்.பிவை (setup.py) கோப்பைப் புதிய வடிவமான பைபுரொஜெக்ட்.டொமல் (pyproject.toml) ஆக மாற்றும் கருவி ஒன்றில் கொமென்ட்களையும் (கோட்டுக்குள் எழுதும் குறிப்புகளையும்) விளக்கக் குறிப்பையும் திருத்த வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, கோட் என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லும் கொமென்ட்களை முதலில் எடுத்துவிடுங்கள். 'இன்ஸ்டால் ரிக்வயர்ஸ் பட்டியலை டிப்பென்டன்சீஸ் ஆக மாற்றுகிறது' (இரண்டும் தேவையான பிற பேக்கேஜ்களின் பட்டியல்தான்) என்பது கீழ் வரியிலேயே தெரிகிறதே. எழுத வேண்டியது காரணம்.

பழைய கோப்பு ஓடக்கூடிய நிரல். பதிப்பு எண்ணைக்கூட அது ஓடும்போது கணக்கிட்டு எடுக்கலாம். புதிய கோப்பு வெறும் தரவு. அதனால்தான் நல்ல கருவி எண்ணை ஊகிக்காமல், 'வேர்ஷன்' என்ற பெயரை 'டைனமிக்' (பிறகு கணக்கிடப்படுபவை) பட்டியலில் போட்டு, பழைய கோப்பையும் விட்டுவைக்கிறது. பேக்கேஜைக் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் அந்த எண்ணை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இந்தக் காரணத்தை அந்த இடத்திலேயே எழுதாவிட்டால், அடுத்து வருபவர் பிழை என்று நினைத்து மாற்றிவிடுவார். மிக முக்கியமான கொமென்ட் இதுதான்.

சரி, விளக்கக் குறிப்பு? கருவியால் மாற்ற முடியாதவற்றை மேலேயே சொல்லுங்கள். அப்புறம் முன்னும் பின்னுமான ஒரு மாதிரிக் கோப்பு. இரண்டையும் ஹெல்ப் கட்டளைக்குள்ளேயே வையுங்கள். புதுக்குடியிருப்பில் போன் டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிப்பவருக்கும் இணையம் இல்லாமலே கிடைக்கும்.