ஏப்ரல் கடைசியில் கிழக்குக் கரையில் பனிச்சறுக்கு: செலவு எங்கே குறையும், பனி எங்கே தாங்கும்

கேள்வி: ஏப்ரல் பிற்பாதியிலும் மே மாதத்திலும் அமெரிக்கக் கிழக்குக் கரையில் கையைக் கடிக்காத செலவில் ஸ்கீ செய்ய முடியுமா? கொலராடோவுக்குப் பறந்துதான் ஆக வேண்டுமா?

பறக்க வேண்டியதில்லை. ஆனால் குளிர்காலத்தில் போவதுபோல் மூன்று வாரம் முன்னாலேயே விடுதியும் டிக்கெட்டும் எடுத்து வைத்தால் பணம் போகும், பனியும் கிடைக்காது. வசந்தத்தில் வியாழக்கிழமை இரவு முடிவெடுத்து வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நீங்கள் நியூ ஜெர்சியிலோ பாஸ்டன் பக்கத்திலோ இருக்கிறீர்கள், நீல நிறப் பாதையில் (நடுத்தரக் கடினம்) விழாமல் இறங்கத் தெரியும், சொந்த ஸ்கீ இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இதுவரை பனியில் கால் வைத்ததே இல்லை என்றால் மே மாதத்தில் மலைக்குப் போகாதீர்கள். ஏப்ரல் நடுவிலேயே பல இடங்களில் கற்றுக்கொடுக்கும் பள்ளியையும் ஆரம்பக்காரர்களின் சரிவையும் மூடிவிடுவார்கள். மிச்சம் இருப்பது செங்குத்தான கறுப்புப் பாதை. கற்றுக்கொள்ள நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கும் 'பிக் ஸ்நோ' உள்ளரங்கம் போதும். 2019 டிசம்பரில் திறந்தார்கள். 2021-ல் தீ விபத்தால் மூடி, 2022 மே மாதம் மீண்டும் திறந்தார்கள். வருடம் முழுக்க உறைநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கிறார்கள். ஜாக்கெட்டிலிருந்து பூட்ஸ் வரை வாடகைக்குக் கிடைக்கும். அதே மாநிலத்தின் எடிசன் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். உயரம் 160 அடிதான், இரண்டு நாளில் சலித்துவிடும் என்பது உண்மை. பிரேக் பிடிக்கவும் திரும்பவும் பழக அந்த 160 அடி தாராளம்.

இனி மலைகள். தெற்கு வெர்மான்ட், நியூ யார்க் மலைகள் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் மூடிவிடும். நியூ யார்க்கின் ஒயிட்ஃபேஸ், கோர் மலைகளும் அதே கணக்கு. வெர்மான்ட்டின் ஸ்டோவ் வழக்கமாக ஏப்ரல் மூன்றாம் வாரம். அதற்கப்புறம் பெயர்கள் குறைவு: கனடா எல்லையை ஒட்டிய ஜே பீக், நடு வெர்மான்ட்டின் ஷுகர்புஷ், மெய்னில் ஷுகர்லோஃபும் சண்டே ரிவரும். இவை ஏப்ரல் கடைசி வரையும், நல்ல வருடத்தில் மே முதல் வாரம் வரையும் ஓடும். எல்லோருக்கும் கடைசியாக நிற்பது வெர்மான்ட்டின் கில்லிங்டன். மே நடுப்பகுதி அங்கே சாதாரணம், ஜூன் 1 அன்று லிஃப்ட் ஓடிய வருடங்களும் உண்டு.

கில்லிங்டன் இவ்வளவு தாங்குவதற்கு வானத்தை விட இயந்திரம்தான் காரணம். 2016 முதல் நவம்பரில் பெண்கள் உலகக் கோப்பைப் பந்தயம் நடத்திய சூப்பர்ஸ்டார் என்ற ஒரே பாதையில் குளிர்காலம் முழுக்கப் பனி இயந்திரத்தை ஓட்டிக் குவிக்கிறார்கள். சில இடங்களில் 30 அடிக்கு மேல் உயரும். இயந்திரப் பனி சிறு சிறு உருண்டைத் துகள், அடர்த்தி அதிகம். புதிதாக விழுந்த இயற்கைப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ இருந்தால் இது 400, 500 கிலோ. அதனால் உருக நேரம் எடுக்கும். மே மாதத்தில் சுற்றிலும் புல் பச்சையாகிவிடும், நடுவில் இந்த ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் தெரியும். அது கறுப்பு வைரப் பாதை, அதாவது கடினமான வகை, மேடு மேடாக மோகல் நிறைந்திருக்கும். நீலப் பாதைக்காரர் என்றால் மே மாதக் கில்லிங்டன் உங்களுக்கு இல்லை. ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரத்தில் போங்கள், அப்போது பெரும்பாலும் வேறு பாதைகளும் திறந்திருக்கும்.

இப்போது பணம். பெரிய மலைகளில் குளிர்கால உச்சத்தில் வாசலில் போய் ஒரு நாள் டிக்கெட் கேட்டால் 150 டாலருக்கு மேல், சிலவற்றில் 200-ஐயும் தாண்டும். ஏப்ரலில் இது நன்றாக இறங்கும், வார நாளில் இன்னும் இறங்கும். ஆனாலும் வாசலில் வாங்காதீர்கள். முந்தைய இரவு இணையத்தில் எடுத்தாலே விலை குறையும். அதை விடப் பெரிய சேமிப்பு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அடுத்த சீசன் பாஸ்கள் மார்ச் வாக்கில்தான் மிகக் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வரும், பிறகு படிப்படியாக ஏறும். அவற்றில் சில மலைகளின் சொந்தப் பாஸை வாங்கினால் இந்த சீசனின் மிச்ச நாட்களும் அதிலேயே அடங்கும். வாங்கும் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டையைத் தட்ட வேண்டும். வரும் குளிர்காலத்தில் எப்படியும் நான்கைந்து நாள் போவீர்கள் என்றால் இந்த ஏப்ரல் உங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசம். வசந்த காலத்துக்கு மட்டுமான பாஸும் சில மலைகளில் உண்டு; மூன்று நாளைக்கு மேல் போகிறவருக்கு அது லாபம்.

பல மலைகளுக்குச் சேர்த்து விற்கும் பாஸில் எது எங்கே செல்லும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐகான் பாஸில் கில்லிங்டன், ஷுகர்புஷ், ஷுகர்லோஃப், சண்டே ரிவர் இருக்கின்றன. வசந்தத்துக்குக் கிழக்கில் இதுதான் வலுவான பட்டியல். எபிக் பாஸில் ஸ்டோவ், ஒக்கிமோ, மவுண்ட் ஸ்நோ. நல்ல மலைகள்தான், ஆனால் சீக்கிரம் மூடுபவை. இண்டி பாஸ் ஒவ்வொரு மலைக்கும் இரண்டு நாள் தரும், அதில் ஜே பீக் இருக்கிறது. 'எபிக் வைத்திருக்கிறேனே, மே மாதம் எங்கே போவது' என்று கேட்டால் கிழக்கில் அதற்கு நல்ல பதில் இல்லை.

பயணக் கணக்கு இது: எடிசனிலிருந்து கில்லிங்டனுக்கு ஏறத்தாழ 270 மைல், ஐந்து மணி நேரம். கேலனுக்கு 27 மைல் ஓடும் வண்டி என்றால் போக வர 20 கேலன். நான்கு பேர் போனால் தலைக்கு 5 கேலன்தான். டென்வர் விமான டிக்கெட், பெட்டிக்குத் தனிக் கட்டணம், அங்கே வாடகைக் கார் இவற்றோடு வைத்துப் பாருங்கள். கொலராடோவில் பனி நன்றாக இருக்கும், சீசன் நீளம், இதை நான் மறுக்கவில்லை. கேள்வி செலவைப் பற்றியது.

தங்குவதற்கு மலையடிவார விடுதி வேண்டாம். ரட்லண்ட் நகரம் கில்லிங்டனிலிருந்து அரை மணி நேரம், சாதாரண மோட்டல்கள் அங்கே இருக்கின்றன. ஏப்ரல் வெர்மான்ட்டில் சேற்றுப் பருவம், அறை வாடகை இறங்கும். அதே காரணத்தால் உணவகங்கள் பல பூட்டிக் கிடக்கும். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போவது அங்கே சிக்கனம் மட்டுமில்லை, பசிக்கும் அதுதான் வழி. இன்னொன்று, வழிகாட்டிச் செயலி பத்து நிமிடம் மிச்சம் என்று மண் சாலைக்குள் திருப்பிவிட்டால் போகாதீர்கள். மேல் மண் இளகி, கீழ் மண் உறைந்து, தண்ணீர் இறங்க வழியில்லாமல் அச்சுவரை புதையும் சேறாக இருக்கும். இழுவை வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் டிக்கெட் வாங்கலாம்.

வியாழக்கிழமை இரவு எதைப் பார்ப்பது? வசந்தப் பனியின் தரம் முழுக்க முந்தைய இரவில் இருக்கிறது. பகலில் உருகி இரவில் உறைந்து, பல நாள் திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் துகள்கள் கல் உப்பு அளவுக்குப் பருத்து உருண்டையாகும். ஸ்கீக்காரர்கள் அதை கார்ன் என்பார்கள். காலையில் அது ஒட்டிப்போய்ச் சிமென்ட் தளம்போல் இருக்கும், ஸ்கீயின் விளிம்பு கடகடவென்று அதிரும். பத்து, பதினொரு மணிக்கு மேலே ஒரு அங்குலம் மட்டும் இளகும். அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் பனிச்சறுக்கில் இதைவிட இதமான பரப்பு கிடையாது. இதற்காகத்தான் கிழக்குக்காரர்கள் மே மாதத்திலும் காரை எடுக்கிறார்கள். 'கிழக்கில் எல்லாம் ஐஸ்' என்று எழுதுகிறவர்கள் காலை எட்டரைக்கு ஏறிப் பத்துக்கு இறங்கிவிடுகிறவர்கள்.

ஆகவே பார்க்க வேண்டியது இரவு வெப்பநிலை. ஊருக்கான முன்னறிவிப்பு உதவாது, மலையின் நடு உயரத்துக்கு உண்டான எண் வேண்டும். தேசிய வானிலைச் சேவையின் வரைபடத்தில் மலைமேல் சொடுக்கினால் அந்தப் புள்ளிக்கே முன்னறிவிப்பு வரும். ஆயிரம் அடிக்கு மூன்றரை டிகிரி பாரன்ஹீட் குறையும் என்பது தோராயக் கணக்கு. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் காற்றின் வெப்பம் 36, 37 டிகிரி இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் 33 இருந்தாலே உறையாது. அன்று காலையிலிருந்தே கஞ்சிதான், போகாதீர்கள்.

வெயிலை விடப் பனியைத் தின்பது காற்றோடு வரும் மூடுபனி. ஈரப்பதம் மிகுந்த வெதுவெதுப்பான காற்று பனிமேல் படும்போது நீராவி தண்ணீராகும். ஒரு கிராம் நீராவி அப்படித் தண்ணீரானால் விடும் வெப்பம் ஏழு கிராமுக்கு மேல் பனியை உருக்கும். இரண்டு நாள் வெயிலில் குறையாத பட்டை ஒரே இரவு மூடுபனியில் பாதை பாதையாகக் காணாமல் போகும். முன்னறிவிப்பில் இரவுப் பனிப்புள்ளி (காற்றிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 45-க்கு மேல், தெற்குக் காற்று என்று இருந்தால் அந்த வாரம் வீட்டில் இருங்கள். மே மாத டிக்கெட்டைப் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள். முன்கூட்டி வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மலையில் திசை பார்த்து நகருங்கள். கிழக்கு முகம் முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்கு முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் புதைந்தால் அன்றைய நாள் முடிந்தது. கனத்த ஈரப் பனியில் ஸ்கீ மாட்டிக்கொள்ள உடல் மட்டும் திரும்பும், முழங்கால் தசைநார் போவது அப்படித்தான். பனி சாம்பல் நிறத்தில், கண்ணாடிபோல் தெரியும் இடத்தின் கீழே தண்ணீர் ஓடும். காதைக் கொடுத்தால் சத்தமே கேட்கும். பழுப்பு நிறப் பட்டையில் ஸ்கீ சட்டென்று பிடித்து முன்னால் தள்ளும். அதைத் தாண்டும்போது எடையைக் குதிகாலுக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் எவ்வளவு விசையில் அதை விடுவிக்க வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டும் விதம் ஆகிய ஐந்தையும் வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். கூச்சத்தில் சொன்ன பொய் முழங்காலில் வந்து நிற்கும். மலையில் இருக்கும் வாடகைக் கடையை விட ஊருக்குள் இருக்கும் கடை மலிவு, ஆனால் ஏப்ரல் கடைசியில் பல கடைகள் சைக்கிளுக்கு மாறிவிடும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சொந்தமாக வாங்க நினைத்தால் இதே மாதம்தான் சரி, வாடகைக்கு விட்ட ஸ்கீகளைக் கழித்துக்கட்டுவார்கள். முதலில் பூட்ஸ் வாங்குங்கள். ஸ்கீ எதுவானாலும் ஓட்டிவிடலாம், பொருந்தாத பூட்ஸோடு ஒரு நாளும் ஓட்ட முடியாது.

டக்கர்மன் ரவீன் இலவசம்தானே என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஹாம்ப்ஷயரில் 6,288 அடி உயர மவுண்ட் வாஷிங்டனின் கிழக்குக் குடைவு அது. லிஃப்ட் கிடையாது. பிங்கம் நாட்ச்சிலிருந்து ஹெர்மிட் லேக் வரை 2.4 மைல் ஏற்றம், அதற்கு மேல் கிண்ணம் போன்ற செங்குத்துச் சரிவு. 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்த மலை இது. பனிச்சரிவு, பாறைச் சுவரிலிருந்து பெயர்ந்து விழும் ஐஸ் பாளங்கள், அருவிமேல் திறக்கும் குழிகள் எல்லாம் உண்டு. லஞ்ச் ராக்ஸ் என்ற பாறைக்கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தோன்றும். ஐஸ் விழும் பாதையே அதுதான். மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையத்தின் அன்றைய அறிக்கையைப் படிக்காமலும், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவியும் மண்வாரியும் பயிற்சியும் இல்லாமலும் ஏறாதீர்கள். அவற்றுக்கு ஆகும் செலவைச் சேர்த்தால் அது இலவசம் அல்ல.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். பாதையில் நான்கைந்து அடி பனி இருக்கும்போதே ஏப்ரல் நடுவில் கதவைச் சாத்தும் மலைகள் பல. பாஸ் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது, ஏப்ரலில் லிஃப்டை ஓட்டுவது அவர்களுக்குச் செலவு மட்டும்தான். பரிமாற்ற விசாவில் வந்த வெளிநாட்டு மாணவப் பணியாளர்கள் மார்ச்சோடு ஊர் திரும்புகிறார்கள், அதுவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நவம்பரில் புல்லுக்கு நடுவே ஒரே ஒரு பட்டையைத் திறந்து 'சீசன் தொடங்கியது' என்று விளம்பரம் செய்கிறவர்கள் ஏப்ரலிலும் அந்த ஒரு பட்டையைத் திறந்து வைக்கலாம். திறந்து வைக்கிற மலைக்கே என் பணம் போகும்.

கடைசி நாள் முடிந்ததும் ஸ்கீயின் அடியைப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். மரங்களின் மகரந்தமும் லிஃப்ட் எண்ணெயும் கலந்தது. துணியில் சிட்ரஸ் கரைப்பான் தொட்டுத் துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, வெப்பநிலை கூடிய பனிக்கான மஞ்சள் வாக்ஸைத் தடிமனாகத் தேய்த்து, சுரண்டாமல் அப்படியே நவம்பர் வரை வையுங்கள். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி நிழலில் உலர்த்திவிட்டு, திரும்பப் போட்டு, பக்கிள்களைத் தளர்வாக மாட்டி வையுங்கள்.