ஈயக்குண்டு ஆட்டியவர் யார்?

அன்புள்ள ஐயா,

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு காணொளிக் கூட்டத்தில், வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்தவரைப் பற்றி லண்டன் மேலாளர் ‘ஸ்விங்கிங் த லெட்’ என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேடிப் பார்த்தால், கப்பலில் ஆழம் பார்க்கிற ஆள் வேலை செய்யாமல் ஈயக்குண்டைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்ததால் வந்த தொடர் என்று போட்டிருக்கிறது. உண்மையா?

ரா. கு., கோவை

அன்புள்ள ரா. கு.,

வேலைக்கு டிமிக்கி கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆனால் வெறுமனே சோம்பி உட்கார்ந்திருந்தால் போதாது, உடம்பு சரியில்லை என்பதுபோல ஒரு சாக்கும் வேண்டும். மேலாளர் அந்த வயிற்றுவலியை நம்பவில்லை, அவ்வளவுதான்.

கப்பல் கதையை நான் நம்பவில்லை. அந்த ஆளின் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கப்பலின் பக்கவாட்டில் வெளியே நீட்டிய சிறு மேடையில், மார்புக்குக் குறுக்கே கட்டிய கித்தான் பட்டையில் சாய்ந்து நிற்பார். கையில் 7 முதல் 14 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டு. அதைக் கயிற்றோடு தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்றி, கப்பல் போகும் திசையில் முன்னால் எறிய வேண்டும். கப்பல் அந்த இடத்தை எட்டிக் கயிறு செங்குத்தாகும்போது குண்டு தரையில் முட்டுகிறதா என்று கை உணர வேண்டும். கயிற்றில் 2 பாகத்தில் இரண்டு தோல் வார், 3 பாகத்தில் மூன்று, 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்புத் துணி என்று அடையாளங்கள் இருக்கும். (பாகம் என்பது நம் மீனவர்கள் சொல்கிற அதே அளவுதான், இரு கைகளையும் விரித்த நீளம்.) இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியட்டும் என்றுதான் துணிகளைக்கூட வெவ்வேறு ரகமாக வைத்தார்கள். குண்டின் அடியில் உள்ள குழியில் விலங்குக் கொழுப்பை அப்பியிருப்பார்கள். மணலோ சேறோ கிளிஞ்சலோ அதில் ஒட்டிக்கொண்டு வரும், அடித்தரை எப்படிப்பட்டது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்புறம் நனைந்த கயிற்றை இழுத்துச் சுருட்டி மறுபடியும் எறிய வேண்டும்.

ஒவ்வொரு வீச்சுக்கும் ஆழத்தை உரக்கக் கூவியாக வேண்டும், அதைக் கேட்டுத்தான் கப்பலே நகரும். குரல் வராவிட்டால் அடுத்த நிமிடம் அதிகாரி கத்துவார். பொய்யாகக் கூவினால் கப்பல் தரைதட்டும், அவரும் அதில்தானே இருக்கிறார்! கப்பலில் ஒளிந்து தூங்க எத்தனையோ மூலை இருக்க, எல்லார் காதும் தன்மேல் இருக்கிற இடத்தில் நின்றா ஒருவர் ஏமாற்றுவார்? தவிர, கப்பற்காரர்கள் அந்த வேலைக்கு வழக்கமாகச் சொன்ன சொல் ‘ஸ்விங்’ (ஆட்டுவது) அல்ல, ‘ஹீவ்’, அதாவது எறிவது.

இந்தத் தொடர் பரவலாகக் காணக் கிடைப்பது முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் தரைப்படைப் பேச்சில்தான். அங்கே அதற்குத் தேவை நிறைய. காலையில் ‘உடம்பு சரியில்லை’ என்பவர்கள் படை மருத்துவர் முன் வரிசையில் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால், மருந்து கொடுத்து வேலைக்கு அனுப்பு என்று குறித்துவிடுவார். அந்த மருந்து பெரும்பாலும் ‘ஒன்பதாம் நம்பர்’ மாத்திரை, அதாவது பேதி மாத்திரை. கடலுக்குச் சம்பந்தமில்லாத இந்தச் சிப்பாய்களுக்கு, தூரத்திலிருந்து பார்க்கையில் குண்டு சுழற்றுவது ஜாலியான வேலையாகத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

வேடிக்கை என்னவென்றால், கப்பற்காரர்கள் இதே பழியை ஏற்கெனவே சிப்பாய்கள்மேல் போட்டிருந்தார்கள். 1834-இல் பாஸ்டனிலிருந்து சாதாரண மாலுமியாகக் கப்பலேறிய ரிச்சர்ட் ஹென்றி டேனா, 1840-இல் வெளியிட்ட பயண நூலில், மாலுமியைத் திட்டுவதற்கு ‘சோஜர்’ என்பதைவிட மோசமான சொல் இல்லை என்கிறார். ‘சோல்ஜர்’தான் அப்படித் திரிந்தது, பொருள் வேலைக்கள்ளன். அது கரையேறித் தொழிற்சாலைக்கும் போனது. 1911-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர், தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை அமெரிக்காவில் ‘சோல்ஜரிங்’ என்கிறார்கள் என்று எழுதினார்.

உங்கள் மேலாளர் கொஞ்சம் வயதானவராக இருக்க வேண்டும். இப்போது அங்கே அதிகம் காதில் விழுவது ‘ஸ்கைவிங்’. அதுவும் அதே போர்க்காலத்துப் படைச் சரக்குதான்.