எடை மேடையும் பைமெம்மும்

கேள்வி: பெருந்துறைப் பக்கம் எடை மேடை வைத்திருக்கிறோம். எடையைக் காட்டும் மென்பொருள் பழையது. செய்துகொடுத்தவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார். திரையில் வரும் எடையை எடுத்து என் பைத்தான் நிரலில் பில் போட வேண்டும். பைமெம் என்ற லைப்ரரி ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் நினைவகத்தைப் படிக்கும், எழுதவும் செய்யும் என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: படிப்பதற்கென்றால் இறங்கலாமுங்க. பைமெம் விண்டோஸுக்கானது, விண்டோஸின் ரீட்புராசஸ்மெமரி வசதியைத்தான் அது கூப்பிடுகிறது. எடை மென்பொருளை அட்மினாக ஓட்டிவிட்டு உங்கள் நிரலைச் சாதாரணமாக ஓட்டினால் பிழை எண் 5 வரும், அதாவது அனுமதி இல்லை.

எடை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று பிடிப்பதுதான் பாடு. மஞ்சள் லோடு ஏறி நிற்கும்போது திரையில் 18460 என்றிருந்தால், சீட் எஞ்சின் (Cheat Engine) என்ற நினைவகம் தேடும் கருவியில் அந்த எண்ணைத் தேடுங்கள். ஏகப்பட்ட இடங்கள் சிக்கும். அடுத்த வண்டி ஏறியதும் புது எடையைக் கொடுத்து, சிக்கிய இடங்களுக்குள்ளேயே மறுபடி தேடுங்கள். நாலைந்து வண்டி போவதற்குள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். முழு எண்ணாக அகப்படாவிட்டால் ஃப்ளோட், டபுள் என்று தசம எண் வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

அந்த முகவரியை அப்படியே நிரலில் எழுதி வைத்தால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆகாமல் போகலாம். மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது வேறு இடத்தில் ஏறக்கூடும். அதனால் மாட்யூல் (நினைவகத்தில் ஏறிய நிரல் கோப்பு) தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் நிலைக்காவிட்டால் பாயின்டர், அதாவது அந்த முகவரியைக் குறித்து வைத்திருக்கும் இடத்தைப் பிடித்துப் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

நானாக இருந்தால் முதலில் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்ப்பேன். எடையைக் காட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து கணினிக்கு சீரியல் கேபிள் வருகிறதா? வந்தால் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் என்ற பைத்தான் லைப்ரரி போதும், எடை நேராகவே வந்துவிடும். ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் சேர்ந்து திறக்க முடியாது, பழையதை மூட வேண்டியிருக்கும். பில்லும் நீங்களே போடப்போகிறீர்கள், அப்புறம் அது எதற்கு?

‘எழுதவும் செய்யும்’ என்பதை மறந்துவிடுங்கள். எடை மேடை சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன் கீழ் வருவது. அதில் காட்டும் எண்ணை மாற்றுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

கேள்வி: பைமெம் லினக்ஸில் ஓடுமா? (கோபி மாணவர்)

பதில்: ஓடாது தம்பி. அங்கே இன்னொரு நிரலின் நினைவகத்தைப் படிக்க பிராசஸ்_விஎம்_ரீட்வி என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, லினக்ஸ் கெர்னல் 3.2 முதல். உபுண்டுவில் உங்கள் நிரலே தொடங்கிவைத்த நிரல் இல்லையென்றால் சாதாரணப் பயனராக எட்டிப் பார்க்க விடாது. சூடோ (sudo) போட்டு நிர்வாகி அனுமதியோடு ஓட்டுங்கள்.