வாசகர் கேள்வி – பதில்: மீன் கழிவும் மணல் வளவும்

கேள்வி: எங்கள் வளவு முழுவதும் மணல். மீன் கழிவைப் புதைத்தால் நாய்கள் கிளறிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: 1978இல் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் நூலாக முன்வைத்த பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பின்பற்றி, நிலைத்து நிற்கும் தோட்டத்தை வடிவமைக்கும் முறை) சிந்தனை, கழிவை மண்ணுக்குரிய உணவாகவே பார்க்கிறது. வாழைக்கு அருகே இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்குமாறு அடுக்கி, அவற்றின்மேல் செதிலையும் குடலையும் இட்டு, காய்ந்த சருகைத் தடிப்பாகப் பரப்பி, மண்ணால் மூடி மிதித்த பின் கனமான கல்லொன்றை வையுங்கள். மணத்தை அடக்குவது அந்தச் சருகுதான். அதைக் கூட்டி எரிப்பதைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். மாரி மழைக்கு முன்பே வெட்டிவிட்டால், மட்டைகள் நன்றாக ஊறி, மழை ஓய்ந்த பின்னும் வேருக்கு ஈரம் கொடுக்கும். கிணற்றுக்குக் கிட்ட மட்டும் வேண்டாம்; மணலில் கசிவு விரைவாக இறங்கிவிடும்.