இரண்டு பன்றியைச் சுட்டால் மந்தை தீராது

கேள்வி: எங்கள் பகுதிக்குப் பன்றி இயல்பான விலங்கு அல்ல. பண்ணையிலிருந்து தப்பியவை காடேறிப் பெருகிவிட்டன. மக்காச்சோளம் விதைத்த இரவே வரிசை பிடித்துக் கிளறித் தின்கின்றன. பக்கத்துச் சதுப்பில் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் காணவில்லை. அனுமதி பெற்று இரண்டைச் சுட்டோம். இப்போது நாலா பக்கமும் வருகின்றன. என்ன செய்வது?

பதில்: சுடுவதை உடனே நிறுத்துங்கள். வெடிச்சத்தம் கேட்ட மந்தை சிதறும், மிஞ்சியவை உஷாராகிவிடும். பெட்டைப் பன்றி ஒரு வயது நிறையும் முன்பே சினைப்படும். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்தான். நீங்கள் கழித்த இரண்டை ஒரே ஈற்றில் ஈடுகட்டிவிடும்.

முழு மந்தையையும் ஒரே நேரத்தில் அடைப்பதுதான் வழி. வேலிக் கம்பங்களைப் பாருங்கள்: உடம்பை உராய்ந்த இடத்தில் சேறு காய்ந்து, மயிர் ஒட்டியிருக்கும். அந்தத் தடத்தில் ஊறிப் புளித்த மக்காச்சோளத்தைப் போட்டு, தானியங்கி கேமரா வைத்துத் தலைகளை எண்ணுங்கள். பிறகு கனமான கம்பித் தட்டிகளால் வட்டமாகப் பட்டி அமையுங்கள். மூலை இருந்தால் அங்கே நெருக்கியடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, தினமும் உள்ளே தீனி போடுங்கள். குட்டிகள் முதலில் நுழையும். மூத்த தாய்ப்பன்றி வாசலிலேயே தயங்கி நிற்கும். அதுவும் உள்ளே போய்ப் பழகும்வரை கதவை விழவிடாதீர்கள். இந்தப் பொறுமைதான் பாதி வேலை.

பொறி வைக்கவும், பிடித்தவற்றைக் கொல்லவும் வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். பாவம் பார்த்து வேறு காட்டில் விட்டுவிட்டால் அங்குள்ள பறவைக்கும் ஆமைக்கும் அதே கதிதான். கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் சாண்டியாகோ தீவில் ஆமை முட்டைகளைத் தின்று தீர்த்த பன்றிகளை ஒழிக்கச் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. 18,000க்கும் மேற்பட்டவற்றை அகற்றிய பிறகே தீவு விடுபட்டது.

அதுவரை விதைப்பைக் காக்க மின்வேலி போடுங்கள். அடிக்கம்பி தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பன்றி மூக்கால்தான் முட்டும். மின்சாரத்தைத் துடிப்பாக அனுப்பும் வேலிக்கருவி வழியாக மட்டுமே இணைப்பு கொடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டால் மனித உயிர் போகும்.

அவை புரண்ட குட்டையில் உங்கள் மாடுகளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். இறந்த பன்றியைக் கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம். மந்தை சிக்கிய பிறகும் கேமராவைக் கழற்றாதீர்கள். தனியாகத் திரியும் ஆண் பன்றி பிறகுதான் தென்படும்.